தன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தவர்

2024 ஜனவரி 9-ஆம் தேதி டெல்லி ராஷ்டிரபதி பவனில் தேசிய விளையாட்டு விருதுகள் வழங்கப்பட்டன. துரோணாச்சார்யா விருதுப் பட்டியலில் சென்னை செஸ் பயிற்சியாளர் ஆர்.பி.ரமேஷின் பெயர் இருந்தது. அர்ஜுனா விருதுப் பட்டியலில் அவருடைய மாணவி ஆர்.வைஷாலியின் பெயர் இருந்தது. விருதோடு தரப்படும் தொகை மாணவிக்கு 15 லட்சம் ரூபாய், ஆசிரியருக்கு 10 லட்சம்.

அதற்கு மறுநாள், ஜனவரி 10. அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் நிக் சேபன் என்ற கால்பந்துப் பயிற்சியாளர் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடி மோதும் அமெரிக்க ஆட்டம் அது. கல்லூரிப் பையன்கள் ஆடும் அந்த ஆட்டத்தைப் பார்க்க அலபாமா மைதானத்தில் ஒரு லட்சம் பேர் உட்காருகிறார்கள். சேபன் தன் பயிற்சி வாழ்க்கையில் ஏழு முறை தேசிய சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தவர். மைதானத்துக்கு வெளியே அவருக்கு வெண்கலச் சிலை உண்டு. ஆண்டுச் சம்பளம் ஒரு கோடி டாலருக்கும் மேல். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குவோரில் முதலிடம் ஆளுநருக்கோ நீதிபதிக்கோ அல்ல, கல்லூரி கால்பந்துப் பயிற்சியாளருக்குத்தான்.

நம் ஊரில் பயிற்சியாளருக்குச் சிலை வைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் பிள்ளைகளைத் தேடி எடுத்து, வளர்த்து, உலகத்தின் முன் நிறுத்தி, அவர்கள் கைவிட்டுப் போகும்போது வழியனுப்பிவிட்டு அடுத்த பிள்ளையோடு முதல் பாடத்திலிருந்து தொடங்குகிற வாழ்க்கை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். சேபனுக்குப் பின்னால் ஒரு பல்கலைக்கழகமும் அதன் கஜானாவும் நின்றன. ரமேஷுக்குப் பின்னால் நின்றது அவருடைய மனைவி மட்டும்.

சென்னை செஸ்ஸின் கதையை ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். மயிலாப்பூரிலிருந்து நடந்தே போய்விடக் கூடிய தூரம். அங்கே இருந்த சோவியத் கலாசார மையத்தில், 1972-இல் மானுவல் ஆரோன் ஒரு செஸ் கிளப்பைத் தொடங்கினார். உலக சாம்பியன் மிகைல் டால் பெயரில் அமைந்த கிளப். ஆரோன் பர்மாவில் பிறந்தவர், இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர், ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1962-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த இன்டர்சோனல் போட்டியில் கடைசி இடத்தில் முடித்தார். ஆனால் அதே போட்டியில் ஹங்கேரியின் போர்ட்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் ஊல்மனையும் வீழ்த்தினார். நல்ல செஸ் புத்தகம் கிடைப்பதே அரிதாக இருந்த தேசத்திலிருந்து தனியாளாகப் போய் அவர் செய்த காரியம் அது.

டால் கிளப்பில் பிளிட்ஸ் என்ற அதிவேக ஆட்டத்துக்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஜெயித்தவர் உட்கார்ந்தே இருக்கலாம். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். விஸ்வநாதன் ஆனந்த் என்ற சிறுவனின் மின்னல் வேகம் அந்த நாற்காலியை விட்டு எழ மனமில்லாமல் உண்டானது என்று சொல்லலாம். 1987-இல் உலக ஜூனியர் சாம்பியன், அடுத்து இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் என்று ஆனந்த் உயர்ந்தார். 1988-இல் அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்து, எனக்கும் இது வேண்டும் என்று காயைக் கையில் எடுத்த பன்னிரண்டு வயதுச் சிறுவர்களில் ஒருவர் ரமேஷ்.

பன்னிரண்டு வயது என்பது இன்றைய கணக்கில் மிகத் தாமதம். இப்போதெல்லாம் அந்த வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆகிவிடுகிறார்கள். ரமேஷ் 1976-இல் பிறந்தவர். கம்ப்யூட்டர் கிடையாது, சொல்லித்தர கிராண்ட்மாஸ்டர் கிடையாது, வெளிநாட்டுப் போட்டிக்குப் போகப் பணம் கிடையாது. அவர் தலைமுறைச் செஸ் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் இதுதான் நிலை. புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து, நண்பர்களோடு அலசி, ரயிலில் இரண்டாம் வகுப்பில் போய் ஆடிவிட்டு வந்தார்கள். அப்படி ஆடியே ரமேஷ் இந்தியன் ஆயிலில் வேலை வாங்கினார். 2002-இல் இங்கிலாந்தின் டார்கீ நகரில் பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பை வென்றார். 1929, 1932, 1933 ஆண்டுகளில் மீர் சுல்தான் கான் வென்ற பட்டம் அது. காமன்வெல்த் நாட்டவர்களும் கலந்துகொள்ளலாம் என்று இருந்த அந்தப் போட்டியை, ரமேஷுக்கு அடுத்த ஆண்டு அபிஜித் குண்டேவும் வென்றார். 2004 முதல் வெளிநாட்டவர் ஆட முடியாதபடி விதியை மாற்றிவிட்டார்கள். 2003-இல் ரமேஷ் இந்தியாவின் 10-வது கிராண்ட்மாஸ்டர். 2007-இல் காமன்வெல்த் சாம்பியன்.

இந்தப் பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஓரமாக இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. 1998 வாக்கில் ஆர்த்தி ராமசாமி என்ற இளம் வீராங்கனைக்கு அவர் பயிற்சி தரத் தொடங்கினார். அப்போது ரமேஷே கிராண்ட்மாஸ்டர் ஆகவில்லை. அடுத்த ஆண்டு ஸ்பெயினில் நடந்த 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகப் போட்டியில் ஆர்த்தி தங்கம் வென்றார். பின்னாளில் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். கற்றுக்கொடுக்கத் தொடங்கிய முதல் மாணவியே உலக சாம்பியன் ஆகிவிட்டால் மனிதனுக்குத் தன்னைப் பற்றி ஏதோ ஒன்று புரிந்துவிடும் என்று நினைக்கிறேன். தான் ஆடுவதைவிட ஆடவைப்பதில் தனக்கு ஒரு கை அதிகம் என்பது அப்போதே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2008-இல் அவர் இந்தியன் ஆயில் வேலையை ராஜினாமா செய்தார். வயது 32. ஆர்த்தியுடன் சேர்ந்து ‘செஸ் குருகுல்’ என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

இந்த ஒரு வரிச் செய்தியின் கனம் சென்னை நடுத்தர வர்க்கத்துக்குத் தெரியும். ரயில்வே, வங்கி, எண்ணெய் நிறுவனம் என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை கிடைப்பதற்காகத்தான் இங்கே ஆயிரக்கணக்கான பிள்ளைகள் விடியற்காலையில் மைதானத்துக்குப் போகிறார்கள். மாதச் சம்பளம், பி.எஃப்., மருத்துவச் செலவு, போட்டிக்குப் போக விடுமுறை. விளையாட்டு என்பதே அந்த வேலையைப் பிடிக்கும் ஏணி. பிடித்த பிறகு ஏணியிலிருந்து தானாகக் குதிக்கிறவர் யாருமில்லை. அதிலும் ‘பிள்ளைகளுக்குச் செஸ் கற்றுக்கொடுக்கப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டு. அன்றைக்கு நாட்டில் செஸ் கோச்சிங் என்பது முழுநேரத் தொழிலே அல்ல. ஆடி ஓய்ந்தவர்கள் பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு வகுப்பு எடுப்பார்கள், கோடை விடுமுறையில் கேம்ப் நடத்துவார்கள். அவ்வளவுதான். நல்ல நிலையில் இருக்கிற ஒரு கிராண்ட்மாஸ்டர், காமன்வெல்த் பட்டம் வென்ற மறு ஆண்டில் தன் ஆட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பயிற்சிக்கு வந்தது பெரிய காரியம்.

குருகுலத்தில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்? ரமேஷின் பெயரோடு சேர்ந்து வரும் முதல் சொல் ‘கால்குலேஷன்’. 2022-இல் நெதர்லாந்துப் பதிப்பகம் ஒன்று வெளியிட்ட அவருடைய புத்தகமும் அதைப் பற்றியதுதான். காயைத் தொடாமல், மனத்துக்குள்ளேயே நான்கு நகர்வு, ஆறு நகர்வு, பத்து நகர்வு தூரம் போய், அங்கே நிற்கும் நிலையைக் கண் முன் கொண்டுவந்து, சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதில் எதிராளியின் மிகச் சிறந்த பதிலை நாமே தேட வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். தனக்குச் சாதகமான பதிலை எதிராளி ஆடுவான் என்று நம்பிக்கொண்டு கணக்குப் போடுவார்கள்.

செஸ் தெரிந்த வாசகர் ஒரு பலகையை எடுத்து வைத்துக்கொள்ளலாம். 1921-இல் ரிச்சர்ட் ரெட்டி என்பவர் அமைத்த, உலகத்தின் எந்தப் பயிற்சி வகுப்புக்கும் பழக்கமான புதிர் ஒன்று. பலகையில் நான்கே காய்கள். வெள்ளை ராஜா எச்8 மூலையில், வெள்ளைச் சிப்பாய் சி6-இல். கறுப்பு ராஜா ஏ6-இல், கறுப்புச் சிப்பாய் எச்5-இல். வெள்ளை ஆடி டிரா செய்ய வேண்டும். பார்த்தவுடன் முடியாது என்றே தோன்றும். கறுப்புச் சிப்பாய் நான்கு அடியில் ராணியாகிவிடும். அதைத் துரத்தும் ராஜா இரண்டு கட்டம் பின்தங்கியிருக்கிறார். தன் சிப்பாய்க்குத் துணை போகலாம் என்றால் அதுவும் எட்டாத தூரம். கறுப்பு ராஜா அதன் பக்கத்திலேயே நிற்கிறார்.

விடை ஜி7, எஃப்6, ஈ5 என்று மூலைவிட்டமாக நடப்பது. அந்தப் பாதையில் வைக்கும் ஒவ்வொரு அடியும் இரண்டு திசைக்கும் நெருங்கும் அடி. கறுப்பு தன் சிப்பாயை ஓட்டிக்கொண்டே இருந்தால், வெள்ளை ராஜா தன் சிப்பாயின் பக்கம் சேர்ந்துவிடுவார், இரண்டு பேருக்கும் ராணி வந்துவிடும். பயந்துபோய்க் கறுப்பு ராஜா சி6 சிப்பாயை வெட்ட நேரம் செலவழித்தால், அந்த இடைவெளியில் வெள்ளை ராஜா எஃப்4-க்குப் போய், ஓடும் சிப்பாயைப் பிடித்துவிடுவார். எட்டு வயதுக் குழந்தைக்கு விடையைச் சொல்லிவிட்டால் பத்து நிமிடத்தில் கைதட்டி ரசிக்கும். சொல்லாமல் விட்டால் ஒரு மணி நேரம் முட்டிமோதும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் செஸ் ஆட்டக்காரர் உருவாகிறார். பயிற்சியாளரின் வேலையில் மிகக் கடினமான பகுதி, விடை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது.

இன்றைக்குச் செல்போனில் ஒரு பொத்தானைத் தட்டினால் கம்ப்யூட்டர் இன்ஜின் அரை நொடியில் விடை சொல்லிவிடும். அதனாலேயே இந்தப் பொறுமை முன்பைவிட அதிகம் தேவைப்படுகிறது.

அப்படி உட்கார்ந்திருந்ததன் பலன் பெயர் பெயராக வெளியே வந்தது. மதுரையில் தாத்தாவிடம் காய் நகர்த்தக் கற்ற அரவிந்த் சிதம்பரம் சென்னைக்கு வந்து ரமேஷிடம் சேர்ந்தார். 2013-இல் சென்னை கிராண்ட்மாஸ்டர் ஓபன் போட்டியில் 14 வயது அரவிந்த், இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டம்கூட இல்லாமல், கிராண்ட்மாஸ்டர்களைத் தாண்டிப் பட்டம் வென்றார். தஞ்சாவூரிலிருந்து வந்த கார்த்திகேயன் முரளி இரண்டு முறை தேசிய சாம்பியன் ஆனார். 2023 அக்டோபரில் கத்தார் மாஸ்டர்ஸ் போட்டியில், கறுப்புக் காய்களுடன், உலக சாம்பியனாக இருந்த மேக்னஸ் கார்ல்சனை வீழ்த்தினார். ஆனந்த், ஹரிகிருஷ்ணாவுக்குப் பிறகு கிளாசிக்கல் ஆட்டத்தில் கார்ல்சனைத் தோற்கடித்த மூன்றாவது இந்தியர் அவர்.

பிறகு பாடியிலிருந்து வந்த அக்கா, தம்பி. டிவியில் கார்ட்டூன் பார்ப்பதைக் குறைக்க அக்காவைச் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள், தம்பி பின்னாலேயே வந்தான் என்ற கதை இப்போது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். வைஷாலியும் பிரக்ஞானந்தாவும் ரமேஷிடம் வந்தபோது ஆட்டம் ஏற்கெனவே அவர்களுக்குள் இருந்தது. பத்து வயது, பத்து மாதத்தில் பிரக்ஞானந்தா உலகின் மிக இளைய இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனது 2016-இல். உடனே ஊடகங்கள் கர்யாகினின் சாதனையை நினைவூட்டத் தொடங்கின. 12 வயது, ஏழு மாதத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆனவர் அவர். ‘முறியடிப்பானா?’ என்ற கேள்வி இரண்டு வருடம் அந்தப் பையனைத் துரத்தியது. 2018 மார்ச்சில் அந்தக் கெடு முடிந்தது, சாதனை கிடைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து இத்தாலியின் ஓர்ட்டிசை நகரில் பட்டம் கிடைத்தது. 12 வயது, 10 மாதம், 13 நாள். கெடு தவறிய அந்த மூன்று மாதத்தில் பையனின் மனம் உடையாமல் பார்த்துக்கொள்வதும் பயிற்சிதான். அதற்குப் புத்தகம் கிடையாது.

2022 பிப்ரவரியில் இணையவழிப் போட்டியில் 39 நகர்வுகளில் பிரக்ஞானந்தா கார்ல்சனை வென்றார். இந்திய நேரப்படி அது நள்ளிரவு தாண்டிய வேளை. 2023-இல் பாகூவில் நடந்த உலகக் கோப்பையில் நகமுராவையும் கருவானாவையும் வெளியேற்றி இறுதிப் போட்டிவரை போனார். கார்ல்சனிடம் டைபிரேக்கில் தோற்றார். அதே ஆண்டு வைஷாலி மகளிர் கிராண்ட் ஸ்விஸ் பட்டத்தை வென்று, டிசம்பரில் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கான ரேட்டிங்கையும் எட்டினார். அக்காவும் தம்பியும் கிராண்ட்மாஸ்டர்கள் என்பது உலகத்திலேயே முதல் முறை.

தனி மாணவர்களின் பயிற்சியாளர் என்பது ரமேஷின் ஒரு முகம். அணியின் பயிற்சியாளர் என்பது இன்னொன்று. அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளருக்கு அவர் மிக நெருங்கி வருவது இங்கேதான். செஸ் ஒலிம்பியாட் அணியில் ஐந்து பேர். ஒவ்வொரு சுற்றிலும் நான்கு பேர் ஆட வேண்டும். யாரை உட்காரவைப்பது என்பதை ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். எதிரணியில் யார் வருவார்கள், என்ன ஓப்பனிங் ஆடுவார்கள் என்று தயாராக வேண்டும். ஆட்டம் தொடங்கிவிட்டால் வாய் திறக்க முடியாது. டிரா கேட்கலாமா, ஏற்கலாமா என்று வீரர் கேட்டால், அணியின் நிலவரத்தை வைத்து ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லலாம். மீதி நேரமெல்லாம் நின்று பார்ப்பதுதான்.

2014-இல் நார்வேயின் ட்ரோம்சோ நகருக்கு அவர் கூட்டிப்போன அணியில் ஆனந்த் இல்லை, ஹரிகிருஷ்ணாவும் இல்லை. பரிமார்ஜன் நேகி, சேதுராமன், சசிகிரண், அதிபன், லலித் பாபு. தரவரிசையில் 19-வது இடம். யாரும் பதக்கம் எதிர்பார்க்கவில்லை. கடைசிச் சுற்றில் உஸ்பெகிஸ்தானை மூன்றரைக்கு அரை என்று நொறுக்கி வெண்கலம் வாங்கினார்கள். ஓபன் பிரிவில் இந்தியாவின் முதல் ஒலிம்பியாட் பதக்கம். ஐந்து பேரில் சேதுராமன், சசிகிரண், அதிபன் என மூன்று பேர் தமிழ்நாட்டுக்காரர்கள்.

எட்டு வருடம் கழித்து அதே உஸ்பெகிஸ்தான் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. மாஸ்கோவில் நடக்க இருந்த ஒலிம்பியாட், உக்ரைன் போரால் மாமல்லபுரத்துக்கு வந்தது. நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’ நகரமெங்கும் நின்றது. போட்டியை நடத்தும் நாடு என்பதால் இந்தியாவுக்குக் கூடுதல் அணிகள். மூத்தவர்கள் முதல் அணியில். குகேஷ், நிஹால் சரின், பிரக்ஞானந்தா, ரவுனக் சாத்வானி என்ற பதின்பருவப் பையன்களும், அவர்களுக்குத் துணையாக அதிபனும் இரண்டாம் அணியில். அந்த இரண்டாம் அணிக்குத்தான் ரமேஷ் பயிற்சியாளர்.

அந்த அணி எட்டாவது சுற்றில், போட்டியின் முதல் தரவரிசை அணியான அமெரிக்காவை மூன்றுக்கு ஒன்று என்று வீழ்த்தியது. குகேஷ் கருவானாவை வென்று எட்டுக்கு எட்டு என்று நின்றார். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தான். வென்றால் தங்கத்துக்கு மிக அருகில். குகேஷ் அப்துசத்தோரவுக்கு எதிராக வெற்றி நிலையில் இருந்தார். டிரா செய்தாலே அணி ஜெயித்துவிடும். ஆனால் அவர் வெற்றிக்குத் தொடர்ந்து ஆடினார், நேரம் குறைந்தது, வெற்றி நிலை சமமாகி, சமம் தோல்வியானது. முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு அந்த 16 வயதுப் பையன் பலகையின் முன் உட்கார்ந்திருந்த படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இரண்டுக்கு இரண்டு. தங்கம் நழுவியது.

அடுத்த நாள் காலை பத்து மணிக்குக் கடைசிச் சுற்று, ஜெர்மனியுடன். இடையில் இருந்தது ஓர் இரவு. அந்த இரவில் ஒரு பயிற்சியாளர் எந்த ஓப்பனிங்கையும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. பையன்கள் மறுநாள் வந்து மூன்றுக்கு ஒன்று என்று ஜெர்மனியை வென்று வெண்கலம் வாங்கினார்கள். குகேஷுக்கு முதல் பலகையில் தனிநபர் தங்கம், நிஹாலுக்கு இரண்டாம் பலகையில் தங்கம், பிரக்ஞானந்தாவுக்கு மூன்றாம் பலகையில் வெண்கலம். ரமேஷின் பயிற்சி வாழ்க்கையில் எது உச்சம் என்று கேட்டால், பாகூ இறுதிப் போட்டியைவிட அந்த ஜெர்மனி ஆட்டத்தைத்தான் சொல்லத் தோன்றுகிறது. நொறுங்கிய அணி மறுநாளே நிமிர்ந்து உட்கார்ந்தது. தமிழ்நாடு அரசு அந்த அணிக்கு ஒரு கோடி ரூபாய் பரிசு அறிவித்தது.

பயிற்சியாளரின் வாழ்க்கையில் வெற்றிக்கு ஒரு விலை உண்டு. மாணவர் பெரியவர் ஆனால் ஆசிரியர் போதாமல் போவார். அலபாமாவில் நட்சத்திர வீரர் மூன்று வருடத்தில் தொழில்முறை ஆட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். செஸ்ஸில் உலகத்தின் முதல் பத்து இடத்தில் நிற்பவருக்கு வேறு வகைத் துணை வேண்டும்: ஓப்பனிங் ஆய்வு செய்யும் குழு, அதே உயரத்தில் ஆடியவர்களின் அனுபவம். 2020 டிசம்பரில் ஆனந்த் வெஸ்ட்பிரிட்ஜ் நிறுவனத்துடன் சேர்ந்து தொடங்கிய அகாடமி குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி, நிஹால், ரவுனக் ஆகியோரை முதல் ஐவராக எடுத்துக்கொண்டது. கெல்ஃபாண்ட், யூசுபோவ் போன்றவர்கள் அங்கே வழிகாட்டிகள். உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் 2024 டொராண்டோ கேண்டிடேட்ஸ் போட்டியில் பிரக்ஞானந்தாவுக்குத் துணையாக ரஷ்யாவின் பீட்டர் ஸ்விட்லர் இருந்தார். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பிள்ளை வளர்ந்ததற்கு அடையாளம் இது.

ரமேஷோடு கதை முடிவதும் இல்லை. சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 12 அன்று, 18 வயதில் உலக சாம்பியன் ஆன குகேஷ் ரமேஷின் பள்ளியில் வளர்ந்தவர் அல்ல. வேலம்மாள் பள்ளியில் பாஸ்கர் என்ற பயிற்சியாளரிடம் தொடங்கி, 2017 முதல் கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னாவிடம் வளர்ந்தவர். கம்ப்யூட்டர் இன்ஜினைத் தொடவே விடாமல், சொந்த மூளையை மட்டும் நம்ப வைத்து அவரைக் கிராண்ட்மாஸ்டர் உயரத்துக்குக் கொண்டுபோனார் விஷ்ணு. அதே ஆண்டு செப்டம்பரில் புடாபெஸ்ட்டில் இந்தியா இரட்டைத் தங்கம் வென்றபோது ஓபன் அணியின் கேப்டனாக நின்றவர் ஸ்ரீநாத் நாராயணன். அவரும் சென்னைக்காரர், அவரும் இளம் வயதிலேயே பயிற்சிக்கு வந்தவர். 2008-இல் ஒருவர் வேலையை விட்டுக் காட்டிய பாதையில் பின்னால் பலர் துணிந்து நடந்தார்கள். தமிழ்நாட்டில் இன்று 30-க்கும் மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்கள் இருப்பதற்கு ஆனந்த் என்ற ஒளி ஒரு காரணம். அந்த ஒளியைப் பார்த்து வந்த பிள்ளைகளை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது இன்னொரு காரணம்.

தென்சென்னையின் வரைபடத்திலேயே இந்தக் கதையை வாசிக்கலாம். டால் கிளப் தொடங்கிய கஸ்தூரி ரங்கா சாலையிலிருந்து தேனாம்பேட்டை அண்ணா சாலைக்குப் போனால், 2013-இல் ஆனந்த் கார்ல்சனிடம் உலகப் பட்டத்தை இழந்த ஹயாத் ஹோட்டல். அடையாறு கடலில் கலக்கும் இடத்தருகே எம்.ஆர்.சி. நகரில், 2023 டிசம்பரில் சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டியை வென்று குகேஷ் கேண்டிடேட்ஸ் வாய்ப்பைப் பிடித்த லீலா பேலஸ். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2024 நவம்பரில் அதே போட்டி அங்கே நடந்தது. அர்ஜுன் எரிகைசியும் லெவோன் அரோனியனும் ஆடிய அந்தப் போட்டியில், டைபிரேக்கில் அரோனியனை வென்று பட்டத்தைத் தட்டியவர் அரவிந்த் சிதம்பரம். பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே ஊரில் பட்டமில்லாத சிறுவனாகப் பெரியவர்களைத் தோற்கடித்தவர். இடையில் ஆட்டம் தேங்கிய வருடங்கள் இருந்தன. அவரைப் பலர் மறந்தே போயிருந்தார்கள்.

துரோணாச்சார்யா விருது செஸ்ஸுக்கு வந்தது அபூர்வம். 1986-இல் ரகுநந்தன் கோகலே, 2006-இல் கோனேரு ஹம்பியின் தந்தை அசோக், அதன் பிறகு ரமேஷ். கிரிக்கெட்டுக்கும் மல்யுத்தத்துக்கும் கிடைத்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. மத்திய அரசின் ரொக்கப் பரிசுத் திட்டத்தில் பயிற்சியாளருக்கும் பங்கு உண்டு என்பது நல்ல விஷயம். ஆனால் அது பதக்கம் வந்த பிறகு. பதக்கத்துக்குப் பத்து வருடம் முன்னால், யாருக்கும் பெயர் தெரியாத ஏழு வயதுக் குழந்தைக்குக் குதிரை எப்படித் தாவும் என்று சொல்லிக்கொடுப்பவரின் வாழ்க்கைதான் கேள்விக்குறி. பெரும்பாலான பள்ளிகளில் செஸ் கோச் என்பவர் மணிக்கணக்குக் கூலிக்கு வருகிறவர். விடுமுறை மாதத்தில் வருமானம் இல்லை. நன்றாக வளர்ந்த மாணவரைப் பெற்றோர் பெரிய அகாடமிக்கு மாற்றும்போது ஒரு போன்கூட வருவதில்லை. ரமேஷ் கிராண்ட்மாஸ்டர் என்பதால் துணிந்தார், நிலைத்தார். பட்டம் இல்லாத நூற்றுக்கணக்கான பயிற்சியாளர்களும் அதே வேலையைத்தான் செய்கிறார்கள்.

டிசம்பர் மாதம் மயிலாப்பூரில் எந்தச் சபாவில் நுழைந்தாலும், பாடகரை அறிமுகப்படுத்தும்போது முதலில் சொல்வது இவர் யாருடைய சிஷ்யை, அதற்கு முன் யாரிடம் கற்றார் என்பதைத்தான். ஆரம்பப் பாடம் சொல்லிக்கொடுத்த தெருமுனைப் பாட்டு டீச்சரின் பெயர்வரை வரும். அதே தெருவில் வளர்ந்து உலகக் கோப்பையோடு விமானத்திலிருந்து இறங்கும் செஸ் பிள்ளைக்கு மாலை போடும் கூட்டத்தில் அந்த முதல் வாத்தியாரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அரசுப் பள்ளிகளில் செஸ் என்று தமிழ்நாடு பல ஆண்டுகளாகப் பேசிவருகிறது. ஜெயலலிதா காலத்தில் 7 முதல் 17 வயதுவரையிலான மாணவர்களுக்குத் திட்டம் வந்தது. ஒலிம்பியாட்டை நடத்தி ஸ்டாலின் அரசு அந்த ஆர்வத்தைப் பல மடங்காக்கியது. இரண்டும் பாராட்டுக்குரியவை. அடுத்து வேண்டியது பலகைகளோ போட்டிகளோ அல்ல. மாவட்டத்துக்குச் சில முழுநேரச் செஸ் பயிற்சியாளர் பணியிடங்களை, மாதச் சம்பளத்தோடும் ஓய்வூதியத்தோடும், அரசு உருவாக்க வேண்டும். இந்தியன் ஆயில் வேலையை விட்டுவிட்டு வருகிற துணிச்சல் இல்லாதவரும் நல்ல ஆசிரியராக இருக்க வழி வேண்டும். பிள்ளைகளைச் செஸ் வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் காத்திருக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: நாளை உங்கள் பிள்ளை பதக்கத்தோடு வந்து நிற்கும்போது நிருபர்கள் மைக்கை நீட்டுவார்கள். அப்போது முதல் வகுப்பு எடுத்த கோச்சின் பெயரையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.